கண்ணாடி ஓரத்து இரண்டு நாற்காலிகள்

"இன்னிக்கும் அதே ஆள்தான்! அதே சிவப்புத் தொப்பி!"

கப்பல் கேபின் கதவைச் சாத்துவதற்குள் லோர்னா ஆரம்பித்துவிட்டாள். மணி காலை ஆறு. கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் வெண்டல் நிமிர்ந்தார்.

"என்னவாம்?"

"முன்பக்க ஹால்ல கண்ணாடி ஓரமா ரெண்டு நாற்காலி இருக்கில்ல? ஒண்ணுல கம்பளி, ஒண்ணுல குறுக்கெழுத்துப் புத்தகம். போட்டுட்டு காபி குடிக்கப் போயிட்டான் பெரிய மனுஷன்!"

"ஒன்பதரைக்கு நாம போறப்போ காலியாத்தானே இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன். மூணு மணி நேரம் தானும் உட்கார மாட்டான், மத்தவங்களையும் உட்கார விடமாட்டான். அப்புறம் எடுத்துட்டுப் போயிடுறான். அலாஸ்கா என்ன அவங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

மேல் படுக்கையிலிருந்து மகள் கிரெட்டாவின் தலை எட்டிப் பார்த்தது. "அம்மா, இந்தக் கப்பலுக்கு உன்னை யாரு போலீஸா போட்டது?"

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நாற்பது மாடு வைத்துப் பால் கறந்த குடும்பம். மாடு வைத்திருப்பவர்களுக்கு ஏது லீவு? இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் பயணம். அதுவும் வெண்டலின் கை நடுங்க ஆரம்பித்து, கால் சொன்ன பேச்சு கேட்காமல் போய், மாடுகளை விற்ற பிறகு. மாடு போனாலும் லோர்னாவுக்கு நாலரை மணிக்கு விழிப்பு வருவது மட்டும் போகவில்லை. யார் எந்த நாற்காலியை எத்தனை மணிக்குப் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வெண்டலால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. சக்கர நாற்காலி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதல் நாள் அந்த ஹாலில் இடமில்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளிலிருந்து எப்படியோ அந்த இரண்டு நாற்காலியும் கிடைத்துவிட்டன. திமிங்கிலம் வாலைத் தூக்கியதைக்கூட உட்கார்ந்தே பார்த்தார்.

"நமக்கு அதிர்ஷ்டம்" என்றாள் லோர்னா.

ஆனால் வெண்டல் காத்திருந்தது திமிங்கிலத்துக்காக இல்லை. பால் சங்கம் எப்போதோ கொடுத்த காலண்டரில், கடலோரம் நீலச் சுவர் போல ஒரு பனிமலை. வருஷம் முடிந்தும் அந்தத் தாளை அவர் கொட்டகையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தச் சுவர் உடைந்து கடலில் விழுவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். கப்பல் அங்கே போவது மறுநாள் காலை.

அன்று மாலை லோர்னா வரவேற்பு மேஜைக்குப் போனாள். போகும் வழியில், ஆட்டம் பாட்டு நடக்கும் அரங்கில் மூன்று இருக்கைகளில் தன் ஸ்வெட்டரையும் சால்வையையும் பரப்பிவிட்டுத்தான் போனாள். அது வேறு விஷயம், அது வெண்டலுக்காக.

"அரை மணி நேரம் ஆள் இல்லாட்டி பொருளை எடுத்துடுவோம்னு போர்டு மட்டும் மாட்டியிருக்கீங்க. எடுக்கத்தான் ஆளைக் காணோம். நாளைக்காவது எடுப்பீங்களா?"

"கண்டிப்பா மேடம். உங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்கு? நியாயம் நியாயம்தானே?"

மறுநாள் ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தாள். கம்பளியும் புத்தகமும் ஒரு கூடைக்குள் போய்விட்டிருந்தன. மனசு குளிர்ந்தது. தான் உட்கார்ந்து இடம் பிடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சே, அப்புறம் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கீழே வெண்டலுக்குச் சட்டை பொத்தான் வேறு போட வேண்டும். தினமும் கிடைக்கிற இடம் இன்றைக்கு மட்டும் கிடைக்காமலா போய்விடும்?

ஒன்பதரைக்கு மூவரும் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார்கள். ஹால் கொள்ளாத கூட்டம். கண்ணாடி ஓரத்து நாற்காலிகளில் யாரோ ஒரு ஜோடி, மடியில் காலை உணவுத் தட்டோடு.

வெண்டல் தூணைப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஐந்து வரிசை முதுகுகள்.

"நான் போய்க் கேட்கிறேன்" என்றாள் லோர்னா.

"வேண்டாம். எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காத."

"அப்பா, ஒரு நிமிஷம்தானே?" என்றாள் கிரெட்டா.

"வேண்டாம்னா வேண்டாம்."

நாலு நிமிஷத்தில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. கிரெட்டா ஒரு பக்கம் தாங்கினாள். அப்போதுதான் வெளியே இடி இடித்தது போல ஒரு சத்தம். கூட்டம் மொத்தமும் "ஹோ"வென்று கத்தியது.

வெண்டல் பார்த்தது குளிர்கோட்டு போட்ட முதுகுகளைத்தான்.

"சத்தம் கேட்டுச்சு லோர்னா" என்றார். "போதும். வா, கீழ போலாம்."

அவளுக்குத் தாங்கவில்லை, அழுதேவிட்டாள். இத்தனை நாள் கூட இருந்த அதிர்ஷ்டம் இன்றைக்குப் பார்த்தா கைவிட வேண்டும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் வந்தார். அக்குளில் கம்பளி, கையில் புத்தகம். லோர்னாவுக்குத் திக்கென்றது. 'கண்டுபிடித்துவிட்டானோ?'

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வெண்டலுக்குக் கேட்காதபடி மெல்லிய குரலில் பேசினார்.

"என் மனைவிக்கும் இதே நடுக்கம்தாம்மா. நேரா இடம் கொடுத்தா உட்காரவே மாட்டா, அவ்வளவு ரோஷம். முதல் நாள் இவர் தூணைப் பிடிச்சு நின்னதைப் பார்த்தேன். அதனாலதான் தினமும் இடம் பிடிச்சு வெச்சு, நீங்க லிஃப்ட்ல வர்றதைப் பார்த்ததும் பேசாம எடுத்துட்டுப் போயிடுவேன்."

லோர்னா அவர் அக்குளில் இருந்த கம்பளியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பார்க்க வேண்டிய நாள்ல பிடிச்சு வைக்க முடியாம போச்சு. யாரோ புகார் கொடுத்துட்டாங்களாம்."