மைக் குத்துற ஓட்டை

“கள்ளன், பிள்ளை, சுத்தக் கள்ளன். முழியைப் பார்.”

சிவபாதசுந்தரம் இதைச் சொன்னது கடை முதலாளியின் முகத்துக்கு நேரே, முன்பல் நாலும் இல்லாத வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

பேரம் சிங்களத்தில். ஏச்சும் ஆலோசனையும் தமிழில். வெள்ளவத்தை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக வெங்காயக் கடை போட்ட மனுசன். நுகேகொடைக் கமராக் கடைக்கு வந்தாலும் அவருடைய சண்டைமுறை மாறாது.

மகள் மிதுனாவுக்குக் காது சுட்டது. “மெல்லக் கதையுங்கோ அப்பா.”

“ஏன்? அந்தாளுக்கு விளங்கிடுமோ?”

கண்ணாடி மேசையில் இரண்டு கமராக்கள். இரண்டும் ஒரே கம்பனி, இரண்டும் புதிதாகத் தொழில் பழகுகிறவர்களுக்கான வகை. ஒன்று கடைசியாக வந்த மொடல். மற்றது அதற்கு முந்தினது, ஆனால் பெட்டி உடைக்காதது. விலையில் நாற்பதாயிரம் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் படமெடுக்க மிதுனாவை வரச் சொல்லியிருந்தாள் கொட்டாஞ்சேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இமெல்டா அக்கா. “பழசோ புதுசோ, கையில சொந்தமா ஒண்டு இருக்கோணும். இல்லாட்டி நான் வேற ஆளைப் பிடிப்பன்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மிதுனாவுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

முதலாளி அரை மணித்தியாலமாகப் புதியதைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். இருட்டு மண்டபத்திலும் படம் பளிச்சென்று வரும். எடுத்த கையோடு போனுக்கு அனுப்பலாம். கேட்கக் கேட்க மிதுனாவின் விரல் அந்தக் கமராவை விட்டு நகரவில்லை.

அதை அப்பா கண்டுவிட்டார்.

“சரி, புதுசையே எடுப்பம்.”

“விசரோ அப்பா? கொண்டுவந்த காசு பழசுக்குத்தானே காணும்?”

“வெள்ளிக்கிழமைக்கு வச்சது வங்கியில கிடக்கு. கார்ட் இருக்கு.”

“அது உங்கட பல்லுக் கட்டுற காசு!”

“பல்லுக்கு என்ன அவசரம்? எட்டு மாசம் இருந்த எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்க ஏலாதோ? புட்டையும் சொதியையும் பல்லில்லாத முரசாலயே அரைச்சுப்போடுவன்.”

“அம்மா என்னைக் கொல்லுவா.”

“கொம்மாவை நான் சமாளிக்கிறன். இஞ்ச பார் பிள்ளை, நான் சின்னனில இருந்து மற்றவன் கழிச்சுவிட்டதைத்தான் பாவிச்சனான். சப்பாத்து, சைக்கிள், தராசு, எல்லாம். உனக்கும் பழசு எண்டா நான் உழைச்சு என்னத்துக்கு? கதையாதை. புதுசுதான்.”

திரும்பினார். “மாத்தயா, இதையே கட்டுங்கள்” என்றார் சிங்களத்தில்.

முதலாளி லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்தார். புதுக் கமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது வேண்டாம் மாத்தயா. பழசை எடுங்கள்.”

“என்ன? இவ்வளவு நேரமும் இதுதானே தங்கம், வைரம்?”

“பேருக்குத்தான் புதுசு. செலவைக் குறைக்க எத்தனையைக் கழற்றிவிட்டார்கள் தெரியுமா? பழசில் மைக் குத்துற ஓட்டை இருக்கிறது, பாருங்கள். இதில் இருக்கிறதா?”

இல்லைத்தான். ஆனால் கல்யாண வீட்டில் படமெடுக்கிறவளுக்கு மைக் எதற்கு?

மிதுனாவின் கண் பழைய கமராவின் பெட்டியில் படிந்திருந்த தூசில் விழுந்தது. சரிதான். விலைபோகாத சரக்கை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். அப்பா சொன்னது பொய்யில்லை, சுத்தக் கள்ளன்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அப்பாவின் பல்லுக் காசு தப்பட்டும்.

“ஓமப்பா. மைக் ஓட்டை கட்டாயம் வேணும்.”

அவ்வளவுதான். சிவபாதசுந்தரம் மேசையில் ஓங்கித் தட்டினார்.

“எடேய், ஓட்டையில்லாத சாமானையோ எனக்கு விக்கப் பார்த்தவன்! பழசை எடுக்கச் சொல்லு. விலையை நான் சொல்லுறன்!”

பிறகு நடந்தது பேரமில்லை, கொள்ளை. மூவாயிரம் குறைந்தது. பை சும்மா வந்தது. மெமரி கார்ட்டும் சும்மா வந்தது. முதலாளி தலையில் கை வைத்தார், தன் பிள்ளைகள் பட்டினி என்று புலம்பினார், கடைசியில் ஸ்டாண்டையும் தூக்கிக் கொடுத்தார்.

“பார்த்தியே? கொப்பனிட்ட இவங்கட விளையாட்டு வாயாது” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிவபாதசுந்தரம் ஓட்டோ பிடிக்க வெளியே போனார். அடுத்த நிமிடமே, “வெள்ளவத்தைக்கு எழுநூறா? நானென்ன ஓட்டோவையே விலைக்குக் கேட்டேனா?” என்று வீதியில் அவருடைய சிங்களம் முழங்கியது.

உத்தரவாதச் சீட்டுக்கு முத்திரை குத்தும்வரை மிதுனா நின்றாள். பொறுக்க முடியவில்லை.

“அங்கிள்,” என்றாள் சிங்களத்தில், “எனக்கும் கமரா பற்றிக் கொஞ்சம் தெரியும். நான் எடுக்கப் போவது படம், வீடியோ இல்லை. பழசைத் தள்ளிவிடத்தானே புதுசைக் குறை சொன்னீர்கள்?”

அவர் சீட்டில் முத்திரையைக் குத்தினார். மை காய ஊதினார். வாசலில் அப்பா இல்லை என்பதை ஒருமுறை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, தெளிவான தமிழில் சொன்னார்:

“புதுசுதான் திறம், மகள். நான் குறை சொல்லாட்டி அப்பா பல்லுக் காசில அதை வாங்கித் தந்திருப்பார்.”