தவளையை விரட்டிய குளம்

மலைமேல் ஒரு வீட்டின் பின்புறம் ஒரு நீச்சல் குளம் இருந்தது. கோடை முழுக்கக் குழந்தைகள் அதில் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். குளிர் தொடங்கியதும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். குளத்துக்குப் பேச்சுத்துணை என்று மிஞ்சியது ஒரு தவளை மட்டும்தான்.

ஒருநாள் தோட்டக்காரர் வந்து தண்ணீரில் கிடந்த சருகுகளை அரித்தெடுத்தார். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தார். மருந்து டப்பாவையும் நீலத் தார்ப்பாயையும் கரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

"நீ கிளம்பு. மருந்தைக் கொட்டி மூடிட்டா உன்னால தாங்க முடியாது," என்றது குளம்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம். உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்கே போறது?" என்றது தவளை.

குளத்துக்கு அந்த வார்த்தை இனித்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் தோட்டக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"உன் கத்தலைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு. இந்தக் குளிர்காலத்திலயாவது என்னை நிம்மதியாத் தூங்க விடு," என்றது குளம்.

தவளை ஏணியில் தத்தித் தத்தி ஏறி, திரும்பிப் பார்க்காமல் புல்லுக்குள் போய்விட்டது.

தார்ப்பாய் மூடியதும் உள்ளே இருட்டிவிட்டது. எப்போதாவது மேலே தொப்பென்று ஏதாவது விழும். பக்கத்துப் பைன் மரத்துக் காயாகத்தான் இருக்கும். ஆனாலும் குளம் "யாரு?" என்று கேட்பதில்லை. "நான்தான்" என்று பதில் வந்துவிட்டால், இன்னொரு தடவை விரட்ட அதற்குத் தெம்பு இல்லை.