கோட்டுக்கு ஒரு கதிரை

“இஞ்சை பாரும் உதயா, மனிசர் நிக்கினம். கோட் கதிரையிலை இருக்குது!”

வரதராசாவுக்கு மூக்குக்கு மேலை கோவம். ஒஸ்லோவின் அந்தப் பழைய கோப்பிக்கடையில் எள்ளுப்போட இடமில்லை. யன்னலடி மேசையில் மட்டும் வயதுபோன நோர்வே மனிசி ஒன்று தனியாக. எதிர்க் கதிரையில் அந்த மனிசியின் சிவப்புக் கோட் சட்டமாகக் குந்தியிருந்தது.

உதயகுமாரிக்குப் புருசன் சொன்னது காதில் ஏறவேயில்லை. அண்ணாந்தபடி நின்றாள்.

“அம்மாடி! முகட்டிலை எவ்வளவு வேலைப்பாடு! அந்தச் சரவிளக்கைப் பாருங்கோப்பா. நூறு வருசத்துக்கு மேலையாம். கோயிலுக்கை நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

முப்பது வருசமாக, ஆஸ்பத்திரி வேலை முடிந்து ட்ராமில் திரும்பும்போது அவள் பார்த்த யன்னல் அது. வெளியே பனி கொட்டும், உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் ஆக்கள் ஆறுதலாகக் கோப்பி குடிப்பார்கள். ஒருநாள் அதிலே தானும் இருக்கவேணும் என்று ஆசை. நாளைக்கு வீட்டை ஒப்படைத்துவிட்டு பேர்கன் நகரத்துக்கு, மகளிடம் போகிறார்கள். இன்றைக்கு விட்டால் இனி எங்கே?

வந்தும் வந்தார்கள், உள்ளே வரத்தான் கூச்சம். மைனஸ் பன்னிரண்டு குளிரில் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்ப்பதும், “எங்களுக்குச் சரிவராது” என்று மூலைவரை நடப்பதுமாக மூன்று தரம். நாலாம் தரம் பக்கத்துத் தெருக் கதவாலே ஒருமாதிரி நுழைந்துவிட்டார்கள்.

“அந்தக் கதிரையை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்.”

“நானோ? இப்ப ஒரு பெடியனும் பெட்டையும் கேட்டவை. தலையை ஆட்டி அனுப்பிப்போட்டாள். தன்ரை ஆக்களுக்கே குடுக்காதவள் எங்களுக்குக் குடுப்பாளே? கோப்பையைப் பாரும், குடிச்சு முடிச்சு அடியும் காய்ஞ்சு போச்சு. எழும்புறாளோ? றோட்டை விடுப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!”

உதயகுமாரியின் முகம் வாடிப்போயிற்று.

“சரி, வாங்கோப்பா போவம். உள்ளுக்கு வந்து பார்த்தாச்சுத்தானே. அது காணும்.”

அப்போதுதான் அந்த மனிசி தற்செயலாகத் திரும்பியது. இவர்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவசரமாக எழும்பிக் கோட்டை எடுத்து, கதிரையைக் கையால் தட்டி, உதயகுமாரிக்கு இழுத்து விட்டது.

“அட, வந்திட்டீங்களோ!” என்றது நோர்வே மொழியில். “மூன்று தரம் இந்தக் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு பார்த்திட்டுப் போனீங்கள். நாலாம் தரம் வந்தால் கூப்பிடுவம் எண்டு அரை மணித்தியாலமா றோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறன். அதுக்குள்ளை வேறை ஆரும் வந்து இருந்திடுவினம் எண்டுதான் கோட்டை இதிலை வைச்சனான்.”