இரண்டு பொற்கொடிகள்

முதல் தடுப்பூசி போட்டபோது பொற்கொடிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா பெயரைச் சேர்த்துப் பதிந்தார்கள். இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு. இளம்பரிதி தன் பெயரைச் சேர்த்துப் பதிந்தான். தேனிலவுக்குப் போகிற தீவில் இரண்டு ஊசியும் கட்டாயம். விமான நிலைய கவுண்டரில் இருந்தவர் அவளுடைய இரண்டு சான்றிதழ்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு ஊசி போட்டிருக்கு சார்.”

“ரெண்டும் இவதாங்க.”

“சிஸ்டத்துல ரெண்டு பேர். நீங்க போகலாம். மேடம் போக முடியாது.”

பொற்கொடி சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. இளம்பரிதி கடிகாரத்தைப் பார்த்தான்.

“ரூமை இனிமே கேன்சல் பண்ண முடியாது. நான் முன்னாடி போறேன், நீ இதைச் சரிபண்ணிட்டு நாளைக்கு வந்துடு.”

அவன் போனதும் அவள் தடுப்பூசி உதவி எண்ணை அழைத்தாள். நெடுநேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள்.

“ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துடலாம் மேடம். ஆனா ஒரு பேர்தான் இருக்கும். எதை வெச்சுக்கலாம்?”

கண்ணாடிக்கு அப்பால், நீண்ட சோதனை வரிசையில் ஒருவழியாக முன்னால் வந்துவிட்ட இளம்பரிதி பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பா பேரை” என்றாள் பொற்கொடி.