குழாயில் ஓடுவது யார்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் செல்லக்கனியும் சவரிமுத்துவும். வாரம் இருமுறை, நாலு மணி நேரமும் ஏதாவது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது அவர்கள் வழக்கம். இன்று சவரிமுத்து கூரையையே பார்த்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை நான் வரல, கனி. இனிமே வரவே மாட்டேன். போதும்."

வராவிட்டால் உடம்பு பத்து நாள் தாங்காது என்று இருவருக்கும் தெரியும். செல்லக்கனி விடுவதாக இல்லை. தன் ரத்தம் ஓடும் குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இதுல ஓடுறது நானா, என்னோடதா அண்ணாச்சி?"

"என்ன கூத்து இது? ஒன்னோடதுதான்."

"வெட்டிப்போட்ட நகமும் என்னோடதுதான். அது போனா நான் சாவலியே?"

"அப்ப நீதான்னு வச்சுக்க."

"அப்ப மிஷினுக்குள்ள போனது யாரு? கட்டில்ல கெடந்து ஒங்க உயிர வாங்குறது யாரு?"

சவரிமுத்து அவள் பக்கம் திரும்பினார். நர்ஸ் வந்து ஊசியை உருவும்வரை விடாமல் மல்லுக்கட்டினார். முடிவு கிடைக்கவில்லை. கையில் பஞ்சை அழுத்தியபடி வாசலுக்கு நடந்தார்.

"பாதியில போனா தோத்ததுன்னுதான் அர்த்தம். வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வாரீய, அண்ணாச்சி?"