தானாக வெடிக்காத துப்பாக்கி

"கீழ விழுந்தா வெடிக்குமா?"

கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் கருத்தக்கண்ணன் கேட்ட முதல் கேள்வி அதுதான். விலையைக் கேட்கவில்லை. எந்த நாட்டுச் சரக்கு என்றும் கேட்கவில்லை.

தேனியில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அமானுல்லா பாய்க்குக் கொஞ்சம் பேச்சு அதிகம். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்வார். அன்றைக்குக் காலையிலிருந்து ஈ, காக்கை எட்டிப் பார்க்காததால் பத்தாவது பதிலும் தயாராக இருந்தது.

"எது விழுந்தாண்ணே? முதல்ல காட்டுப்பன்னிக்கா, கிளப்புல சுடவான்னு சொல்லுங்க."

"கிளப்புல சுடுறதுதான். மேல ஒரு குழல், கீழ ஒரு குழல். பொள்ளாச்சி மருமகன் ஒண்ணு வச்சிருக்காக. போன வருசம் கோயம்புத்தூர்ல வாங்குனாக. அதே மாடல் பாக்கணும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். மாடல் பெயரும் நம்பரும் பிசகில்லாமல் எழுதியிருந்தது. பாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் சினிமாவில் பார்த்ததைக் கேட்டு உயிரை எடுப்பார்கள். இவர் விவரமான ஆள்.

"மருமகன் வச்சிருந்தா மாமனார் சும்மா இருக்க முடியுமா? அவர ஜெயிக்கணும்னு கெளம்பிட்டீக."

"ஆமா," என்றார் கருத்தக்கண்ணன். சிரிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஆள் மாதிரி முகம் மரத்துப்போய் இருந்தது. "மதுரையில ரெண்டு கடை ஏறி எறங்கிட்டேன். நான் ஒண்ணு கேட்டா அவுக விலையச் சொல்றாக."

பாய் கண்ணாடி அலமாரியின் சங்கிலியைக் கழற்றி அதே மாடலை எடுத்தார். குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு மேஜை விரிப்பில் கிடத்தினார்.

துப்பாக்கிப் பிரியர்களுக்கு இந்த இடத்தில் கை சும்மா இருக்காது. தூக்கித் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் தொங்கும் காலண்டரைக் குறி பார்ப்பார்கள். கருத்தக்கண்ணன் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தார்.

"தொட்டுப் பாருங்கண்ணே. புதுச் சரக்கு."

"இருக்கட்டும். கீழ விழுந்தா வெடிக்குமான்னு கேட்டேன்."

"வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கோ?"

"பேத்தி இருக்கா. அஞ்சு வயசு. இப்ப எங்ககூடத்தான் இருக்கா."

பாய்க்குப் பாவமாகிவிட்டது. அவருக்கும் அந்த வயதில் ஒரு பேத்தி, பெனாசிர். கடைப் பக்கமே அவளை அண்ட விடுவதில்லை. இந்த மனுசனின் பயத்தைப் போக்காமல் பில் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

"இப்பப் பாருங்க. டம்மித் தோட்டா போடுறேன். சேஃப்டியும் போட்டாச்சு."

இழுப்பறையிலிருந்து ரப்பர் சுத்தியலை எடுத்துத் துப்பாக்கிக் கட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பக்கவாட்டில் ஒன்று தட்டினார். தரையில் கிடந்த ரப்பர் விரிப்பில் நட்டமாக நிறுத்திக் கையை விட்டார். தொப்பென்று சாய்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"சேஃப்டி எடுத்துட்டா?"

எடுத்துவிட்டுத் தட்டினார். அப்போதும் ஒன்றுமில்லை.

"துடைக்கும்போது வெடிக்குமா?"

"தோட்டாவ வச்சுக்கிட்டு எவன்ணே துடைப்பான்? துடைக்கணும்னா குழல மடக்கணும். மடக்குனா தோட்டா கண்ணு முன்னால நிக்கும். நான் பாக்கலைன்னு எவனும் சொல்ல முடியாது."

பாய் விசையில் விரலை வைத்தார். "இந்தா, விரல் இழுக்கணும். அதுவும் லேசுபாசா இழுத்தாப் பத்தாது. ரெண்டு கிலோவத் தூக்குற மாதிரி இழுக்கணும்."

டக்.

அந்தச் சத்தத்துக்குக் கருத்தக்கண்ணன் கண்களை மூடிக்கொண்டார். திறந்ததும், "இன்னொரு தடவ காட்டுங்க," என்றார்.

பாய் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து காட்டினார். அதற்குப் பிறகும் கருத்தக்கண்ணன் இன்னொரு தடவை கேட்டார். பாய் சலித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை கருத்தக்கண்ணன் கண்ணை மூடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தானா வெடிக்கவே வெடிக்காது."

"வெடிக்காது. முப்பது வருசமா இதுதான்ணே எனக்குத் தொழில். ஒரு மனுசன் விரல் வச்சு இழுத்தாத்தான் உண்டு. இழுக்கலைன்னா இது வெறும் கம்பி."

"வேற ஆளுக முன்னாடி கேட்டாலும் இதையே சொல்லுவீகளா, பாய்?"

"எங்கன கூப்பிட்டாலும் வந்து சொல்லுவேன். கலெக்டர் முன்னாடி நிறுத்துனாலும் இதே பேச்சுத்தான்." பாய் சந்தோஷமாகப் பில் புத்தகத்தைத் திறந்தார். "லைசென்ஸக் குடுங்கண்ணே."

"எங்கிட்ட லைசென்ஸ் இல்ல."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "லைசென்ஸ் இல்லாம எப்படிண்ணே துப்பாக்கி வாங்குவீக?"

கருத்தக்கண்ணன் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"வர்ற இருபத்தி மூணாந் தேதி கோர்ட்டுக்கு வந்து இதச் சொல்லுங்க, பாய். துடைக்கையில தானா வெடிச்சுத்தான் எம் மக செத்துப்போனான்னு மருமகன் சொல்றாக."