முறைப்பாட்டில் விடுபட்ட வரி

குணநாயகம் கடனில் கடையை இழந்து வங்குரோத்தானவர் என்று நீதிமன்றம் சொன்ன சங்கதி வெள்ளவத்தை மீன்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாமல் போனது நித்தியானந்தனுக்கு மட்டும்தான். அந்தக் கோபத்தில் அவர் பொலிஸ் நிலையத்தில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட், ஒரு கார் எண்டு பேசி முடிச்சவர், சேர். வங்குரோத்தை மறைச்சுக் கொடுக்கல் வாங்கல் செய்தால் ஜெயில்தானே?"

"வியாபாரம் எண்டால், ஓம்," என்றார் தமிழ் தெரிந்த சார்ஜன்ட். பிறகு எதிரே இருந்த குணநாயகத்தின் பக்கம் திரும்பினார். "மறைச்சனீங்களோ, ஐயா?"

குணநாயகம் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டோடு வந்திருந்தார். கடைதான் போனது, குரல் போகவில்லை.

"மறைச்சனான்தான். ஆனால் இது வியாபாரம் எண்டு அவர் தன்ர வாயால சொல்லட்டும், நான் இப்பவே உள்ள போறன்."

"வியாபாரம்தான்!" நித்தியானந்தன் துள்ளினார். "மூண்டு மாசம் பேரம் பேசினது, சேர். கூடத் தாறம் எண்டு வந்த ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிப்போட்டு இவருக்கு ஓமெண்டனான்."

சார்ஜன்ட் புத்தகத்தை விரித்தார். "சரி. ஃபிளாட்டுக்கும் காருக்கும் பதிலா நீங்கள் அவருக்கு என்ன குடுக்கிறதாப் பேச்சு?"

நித்தியானந்தன் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சார்ஜன்டின் பேனை காத்துக்கொண்டு நின்றது.

"வெக்கப்படாமல் சொல்லுங்கோ, சம்பந்தி," என்றார் குணநாயகம், நிலையம் முழுக்கக் கேட்கும்படி. "டொக்டர் மகன், ஒண்டு!"